புகைச் சோதனை இருக்கிறது, பற்றரிச் சோதனை எங்கே?

மோட்டார் வாகனப் போக்குவரத்து ஆணையாளர் நாயகம் அவர்களுக்கும், வண்டி பாதையில் ஓட வருடா வருடம் எடுக்க வேண்டிய வருமான அனுமதிப்பத்திரத்தை வழங்கும் மத்திய, ஊவா மாகாண அதிகாரிகளுக்கும்,

வணக்கம். மின்சாரக் கார்களுக்கும் வருடம் ஒரு பற்றரிச் சோதனை வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

நான் நானுஓயாப் பக்கம் குடியிருக்கும் ஒரு கணித வாத்தியார். தலவாக்கலையில் படிப்பிக்கிறேன். போக வர நாளொன்றுக்கு 45 கிலோமீற்றர். 2021இல் ஒரு பழைய மின்சாரக் கார் வாங்கினேன். வாகன இறக்குமதியை 2020 மார்ச்சிலேயே நிறுத்தியிருந்த காலம். நாட்டுக்குள் இருந்த வண்டிகளுக்கு வைத்ததுதான் விலை. எனக்குக் கிடைத்தது 2014இல் செய்த, 24 கிலோவாட் மணிப் பற்றரி கொண்ட வண்டி. கம்பனிப் பெயரை எழுதவில்லை, என் சண்டை கம்பனியோடு அல்ல.

அந்த வண்டியின் முகப்பில் பற்றரியின் ஆரோக்கியத்தைக் காட்ட சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். புதிதாக இருக்கும்போது பன்னிரண்டு. பற்றரி தேயத் தேய ஒவ்வொன்றாக மறையும். விற்றவர் அதைத்தான் விரலால் தொட்டுக் காட்டினார். "மாஸ்டர், பன்னிரண்டும் நிக்குது பாருங்க. இன்னும் பத்து வருஷத்துக்குப் பயமில்ல." லீசிங்காரர்கள் அனுப்பிய மதிப்பீட்டாளர் வந்தார். பெயின்றைத் தட்டிப் பார்த்தார், டயரைக் குனிந்து பார்த்தார், அடிச்சட்ட இலக்கத்தைப் படம் எடுத்தார், கையெழுத்துப் போட்டார். பதிவுப் புத்தகம் என் பெயருக்கு மாறியது. ஐந்தாவது வாரம் ஒரு கட்டம் போனது. மூன்றாவது மாத முடிவில் ஒன்பதுதான் மிச்சம்.

அப்புறம்தான் விஷயம் தெரிந்த ஒரு தம்பி, காரின் சோதனைத் துளையில் செருகும் சின்னக் கருவி ஒன்றையும் கைபேசியையும் கொண்டுவந்து வாசித்துச் சொன்னார்: பற்றரியின் ஆரோக்கியம் 68 சதவீதம், அதாவது புதிதாக இருந்தபோது பிடித்த மின்சாரத்தில் இப்போது பிடிப்பது அவ்வளவுதான். நடந்தது இதுதான். பற்றரியைக் கவனிக்கும் கணினியின் நினைவை யாரோ அழித்திருக்கிறார்கள். அழித்ததும் அது தன்னைப் புதுப் பற்றரி என்று நினைத்துக்கொண்டு பன்னிரண்டு கட்டத்தையும் காட்டும். சில வாரம் ஓடி, சார்ஜ் ஏறி இறங்கி, உண்மையை மெல்ல மெல்லத் திரும்பக் கற்றுக்கொள்ளும். அதற்குள் விற்றவருக்குக் காசு போய்ச் சேர்ந்துவிடும். பெற்றோல் காரில் மீற்றரைப் பின்னால் சுற்றுவது போலத்தான் இதுவும். என்ன, மீற்றரைச் சுற்றினால் எஞ்சின் அதே எஞ்சின்தான். இங்கே வண்டியின் விலையில் பெரும் பங்கு அந்தப் பற்றரிதான்.

68 சதவீதம் என்பது மலைநாட்டில் என்ன என்று சொல்ல வேண்டும். கொழும்பில் இருந்து பார்ப்பவர்களுக்கு அது வெறும் எண்.

நாலு பேர் ஏறினால் வண்டியும் ஆட்களுமாக 1,800 கிலோ. அதை 1,000 மீற்றர் உயரம் தூக்க 5 அலகு மின்சாரம் வேண்டும் (ஓர் அலகு என்பது ஒரு கிலோவாட் மணி). பத்தாம் வகுப்புப் பிள்ளையே கணக்குப் போடலாம். மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். அவிசாவளையில் இருந்து ஹற்றனுக்கு ஏறக்குறைய 70 கிலோமீற்றர், ஏற்றம் 1,200 மீற்றருக்கு மேல். ஏற்றத்துக்கு மட்டும் 6 அலகு, தூரத்துக்கு இன்னொரு 9. மொத்தம் 15. என் பற்றரியில் அன்று மிஞ்சியிருந்தது 16. அதையும் கடைசிச் சொட்டு வரைக்கும் எடுக்க கார் விடாது. கினிகத்தேனையைத் தாண்டும்போது, பற்றரி தீரப்போகிறது, இனி மெதுவாகத்தான் ஓடும் என்று சொல்லும் ஆமைப் படம் முகப்பில் எரிந்ததை நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். மகள் பின்சீற்றில், மழை, பின்னால் லொறி. இனி அந்தப் பாதையில் அந்தக் காரை எடுப்பதில்லை. இதே வண்டி புதிதாக இருந்தபோது ஹற்றனுக்கு வந்து சேர்ந்த பிறகும் மிச்சம் இருந்திருக்கும். பதிவுப் புத்தகத்தைப் பார்த்தால் இரண்டும் ஒரே வண்டி.

சரி, இவர் மின்சாரக் காரே வேண்டாம் என்கிறாரோ என்று நினைத்துவிடாதீர்கள். நான் அதன் பக்கம் நிற்கிற ஆள். 2022 ஜூனில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவுக்குப் போய், அந்த விலைக்கும் கிடைக்காமல், எங்கள் ஊரில் ஆட்கள் ஓட்டோவுக்குள்ளேயே இரவு படுத்து வரிசை காத்தார்கள். நான் ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடம் தவறவில்லை. அந்த மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு இருந்ததும் உண்மை. நடுச்சாமத்தில் கரண்ட் வந்தால் அலாரம் வைத்து எழும்பி வயரை மாட்டுவேன். அதற்கும் ஒரு எல்லை உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப் போட்டபோது பாதையும் இல்லை, மின்சாரமும் இல்லை. கார் போர்ட்டிகோவில் சும்மா நின்றது.

செலவையும் சொல்கிறேன். எங்கள் பாதையில் சின்னப் பெற்றோல் கார் ஒரு லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடினால் பெரிய காரியம். அதே தூரத்துக்கு என் கார் 2 அலகு தின்னும். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் இரண்டேகால். ஆகவே ஒரு லீற்றரின் விலையையும் இரண்டேகால் அலகின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இலாபம் எந்தப் பக்கம் என்று தெரியும். ஆனால் எந்த அலகின் விலை? அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எங்கள் வீட்டுக்கு மாதம் 70 அலகு போதும். கார் 165 அலகைக் கூட்டியது. 180ஐத் தாண்டியதும் மின்கட்டணத்தின் மிக உயர்ந்த படியில் ஏறிவிடுகிறோம். காரின் அலகுகளுக்கு 70க்கு மேல் அவை ஏறும் படிகளின் விலையைத்தான் வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டும், வீட்டுப் பில்லின் சராசரியை அல்ல. இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மலிவாகக் கிடைக்கும் நேரவாரிக் கட்டணத்தில் உள்ளவர்களுக்கு இந்தத் தலையிடி இல்லை. (தலவாக்கலையில் அணை கட்டிய 150 மெகாவாட் மேல் கொத்மலை மின்நிலையம் 2012 முதல் ஓடுகிறது. தண்ணீர் எங்களுடையது, பில்லில் மட்டும் ஒரு சலுகையும் இல்லை. அது வேறு கடிதத்துக்கான விஷயம்.)

எஞ்சின் ஒயில் இல்லை, பெல்ட் இல்லை, பிரேக் கட்டைகள் வருஷக்கணக்கில் நிற்கும். டயர் மட்டும் சீக்கிரம் தேயும், வண்டி பாரம். தோட்டப் பாதைக் கற்கள் அடியில் உரசும்போது வயிற்றைக் கலக்கும், பற்றரி அங்கேதான் இருக்கிறது. இவையெல்லாம் சில்லறை. மெய்யான செலவு பற்றரி தேய்வது. மற்றதெல்லாம் பில்லாக வரும், இது பில்லாக வராது. வண்டியை விற்கப் போகும் அன்றுதான் மொத்தமாகக் கண்ணில் படும்.

2024இல் உலகச் சந்தையில் பற்றரியின் சராசரி விலை கிலோவாட் மணிக்கு 115 டொலர். 24 கிலோவாட் மணிக்கு 2,760 டொலர், டொலர் 300 ரூபா என்று வைத்தால் எட்டு இலட்சத்துக்கு மேல். அது தொழிற்சாலை வாசல் விலை. பத்து வருடப் பழைய வண்டிக்கு ஒன்றே ஒன்றை வரவழைக்கும்போது அந்த விலையை யாரும் தரமாட்டார்கள். பலவீனமான செல்களை மட்டும் கழற்றி மாற்றித் தரும் கராஜ்கள் இருக்கின்றன. நாலைந்து செல் கெட்டிருந்தால் அது நல்ல வைத்தியம். எல்லாமே சமமாகத் தேய்ந்திருந்தால் கிழிந்த சாரத்துக்கு ஒட்டுப் போடுவது போலத்தான்.

அதற்காகப் பற்றரி எட்டு வருடத்தில் செத்துவிடும் என்று தேநீர்க் கடையில் பேசுவதும் சரியில்லை. இப்போதைய கார்கள் சராசரியாக ஆண்டுக்கு 2 சதவீதம் அளவில்தான் தேய்கின்றன. பற்றரியின் முதல் எதிரி வெக்கை. 2012இல் அமெரிக்காவின் அரிசோனாவில், பாலைவன வெயிலில் ஓடிய நிசான் லீஃப் கார்களின் கொள்ளளவு எதிர்பார்த்ததைவிட வேகமாகக் குறைந்து பெரிய வழக்காகிப் போனது. அந்த வண்டியில் பற்றரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு இல்லை. எங்களுக்கோ மலைக்காற்றே அந்த ஏற்பாடு. நுவரெலியாவில் நிற்கும் கார், புத்தளத்து வெயிலில் காயும் காரைவிட அதிக காலம் தாங்கும்.

மலைக்காரர்கள் அறிய வேண்டிய இன்னொன்று. இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, ஏறும்போது செலவழித்ததில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும். ஆனால் பற்றரி நிரம்பியிருந்தால் வாங்கிக்கொள்ளாது. எங்கள் வீடு மேலே, பள்ளிக்கூடம் கீழே. முதல் ஆறு மாதம் இரவில் நூறு சதவீதம் ஏற்றிவிட்டு, காலையில் லிந்துலைப் பக்கம் இறங்கும்போது கார் ஏன் பிடிக்கவில்லை என்று பிரேக்கை மிதித்துக்கொண்டே போனேன். இப்போது எண்பதோடு நிறுத்துகிறேன். பற்றரிக்கும் அதுவே நல்லது. இதை விற்பவர் யாரும் சொல்லித் தருவதில்லை.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

பெற்றோல், டீசல் வண்டிக்காரர் ஒவ்வொரு வருடமும் புகைச் சோதனைக்குப் போய் சான்றிதழ் எடுத்தால்தான் வருமான அனுமதிப்பத்திரம். என் கார் புகை விடாது, ஆகவே எனக்குச் சோதனை கிடையாது. அந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது. அங்கே ஒரு பற்றரிச் சோதனையை வையுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை, அதே நிலையத்தில், அதே வரிசையில். வாசித்த சதவீதமும் அன்றைய கிலோமீற்றரும் வண்டி இலக்கத்தோடு உங்கள் கணினியில் ஏறட்டும். உரிமை மாற்றத்தின்போது வாங்குபவர் கையில் அந்த வரலாறு கிடைக்க வேண்டும், அது இல்லாமல் புத்தகம் பெயர் மாறக் கூடாது. மூன்று வருடமாக 91, 89, 87 என்று இறங்கிய வண்டி நாலாவது வருடம் திடீரென்று 99 காட்டினால் எந்தக் கள்ளனும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முகப்பைப் பார்த்து எழுதிக்கொண்டால் போதாது என்பதை என் கதையே சொல்லும். பற்றரியைக் கிட்டத்தட்டக் காலியாக்கி, ஒரு இரவு முழுக்க மீற்றர் வழியாக ஏற்றி எத்தனை அலகு போனது என்று எண்ணினால், நினைவை அழித்தவரும் மாட்டிக்கொள்வார். வருடா வருடம் அது தேவையில்லை, விற்கும்போது ஒரு தடவை போதும். செல்களில் எது சொத்தை என்று பார்க்க ஒரு நல்ல ஏற்றத்தில் ஓட்டி, ஒவ்வொன்றின் வோல்ட் எவ்வளவு விழுகிறது என்று வாசிக்கலாம். மலைநாட்டில் ஏற்றத்துக்கா பஞ்சம்?

புதிய தலையிடி எதற்கு என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்கக்கூடும். மின்சாரக் கார் துறைமுகத்தில் இறங்கும்போது மோட்டார் எத்தனை கிலோவாட் என்று அளந்து வரி வாங்குகிறது அரசாங்கம். வரிக்காக மோட்டாரை அளக்கத் தெரிந்தவர்களுக்கு வாங்குபவருக்காகப் பற்றரியை அளக்கவும் முடியும். வெளியிலும் இது புதிதல்ல. 2022இல் ஐக்கிய நாடுகள் மட்டத்தில் ஏற்றுக்கொண்ட விதி, ஐந்து வருடம் அல்லது 100,000 கிலோமீற்றரில் 80 சதவீதமும், எட்டு வருடம் அல்லது 160,000 கிலோமீற்றரில் 70 சதவீதமும் பற்றரியில் மிஞ்ச வேண்டும் என்கிறது. ஐரோப்பாவில் 2027 பெப்ரவரி முதல் மின்சாரக் கார்ப் பற்றரிக்குத் தனியாக மின்னணுக் கடவுச்சீட்டே வரப்போகிறது. நாங்கள் கேட்பது ஒரு காகிதம்.

நேர்மையாக விற்பவருக்கும் இதனால் நட்டமில்லை. என் நண்பரின் கார் குளிரிலேயே வளர்ந்தது, அதில் இன்னும் 86 சதவீதம் இருக்கிறது. சொன்னால் யார் நம்புகிறார்கள்? எல்லாரும் சொல்லும் அதே பொய்யாகத்தான் அதுவும் கேட்கிறது, அதனால் அதே விலைக்குத்தான் கேட்கிறார்கள்.

2025இல் இறக்குமதி திரும்பத் திறந்த பிறகு புது மின்சாரக் கார்கள் நிறைய இறங்குகின்றன. அவை இன்னும் ஐந்தாறு வருடத்தில் பழைய வண்டிகளாகி எங்கள் பக்கம் வரும். கொழும்பு வாங்கும், மலைநாடு அதைப் பழசாக வாங்கும், வழக்கம் அப்படி. தோட்டத்தில் பிறந்து, முதல் தடவையாகக் குடும்பத்தில் ஒரு கார் வாங்கும் பிள்ளைகள் சேமலாப நிதிக் காசையும் அம்மாவின் நகையையும் போட்டு அவற்றை வாங்குவார்கள். அதற்குள் வரலாறு சேர வேண்டுமென்றால் சோதனை இந்த வருடமே தொடங்க வேண்டும்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த விஞ்ஞான டீச்சர் ஒருவர் வருகிற சனிக்கிழமை கண்டியில் ஒரு கார் பார்க்கப் போகிறார். "சேர், பன்னிரண்டு கட்டமும் இருக்காம்" என்று நேற்று சந்தோஷமாகச் சொன்னார். அந்தச் சின்னக் கருவியை எடுத்துக்கொண்டு நானும் கூடப் போகிறேன்.

இப்படிக்கு,
நானுஓயாவில் இருந்து ஒரு கணித ஆசிரியர்