எடைக்குப் போடும் முன் திருப்பிப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இங்கிலாந்தில் ஏலத்துக்கு வந்த பழைய வெள்ளிப் பரிமாறும் தட்டுகளைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போட்டிருந்த செய்தியைப் படித்தேன். எத்தனை கிலோ, இன்றைய வெள்ளி விலைக்கு எவ்வளவு தேறும் என்று கணக்குப் போட்டிருந்தீர்கள். எந்த ஊரில், எந்த வருஷம், யார் செய்தது என்று ஒரு வரிகூட இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை, ஏனென்றால் அத்தனையும் அந்தத் தட்டிலேயே இருக்கும்.

நான் லண்டனில் இருக்கிறேன், பன்னிரண்டு வருஷமாக இங்கே சின்ன ஊர்களில் நடக்கிற ஏலங்களுக்குப் போய்வருகிறேன். முதல் நாளே பொருளைக் கையில் எடுத்துப் பார்க்க விடுவார்கள். போன மாதம் ஒரு ஜோடி மூடித் தட்டுகள் வந்திருந்தன. மூடியின் கைப்பிடியை லேசாகத் திருகினால் கழன்று வந்துவிடும், அப்புறம் மூடியைக் கவிழ்த்து வைத்தால் அதுவே இன்னொரு தட்டு, ஆக ஜோடி வாங்கினால் மேஜையில் நாலு. சமையற்கட்டில் மூடி மாறிவிடக் கூடாதென்று ஓரத்தில் 1, 2 எனப் பொடியாக எண் வெட்டியிருந்தது. நம் வீட்டில் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டுகிற மாதிரி அவர்கள் குலச்சின்னத்தை வெட்டுவார்கள். இதில் அந்த இடம் வழுவழுவென்று இருந்தது, விரலால் அழுத்தினால் அங்கே மட்டும் தகடு மெல்லிசாக அமுங்கியது. பிற்பாடு கைமாறியபோது யாரோ பழைய சின்னத்தைத் தேய்த்து எடுத்திருக்கிறார்கள்.

இனி முத்திரைகள். நடக்கிற சிங்கம் இருந்தால் ஸ்டெர்லிங், ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. பழைய பொருளில் சிறுத்தைத் தலை என்றால் லண்டன், நங்கூரம் என்றால் பர்மிங்ஹாம், கிரீடம் என்றால் ஷெஃபீல்டு. தனியாக ஓர் எழுத்து வருஷத்தைச் சொல்லும், லண்டனில் இருபது எழுத்து முடிந்ததும் எழுத்தின் வடிவத்தை மாற்றி முதலிலிருந்து தொடங்குவார்கள். ராஜா அல்லது ராணியின் தலை இருந்தால் 1784-க்கும் 1890-க்கும் நடுவில் வரி கட்டிய பொருள். செய்தவரின் முதலெழுத்துகளும் இருக்கும், அது பால் ஸ்டோர் மாதிரி பேர்பெற்ற லண்டன் தட்டார் ஒருவருடையது என்றால் எடைக்கும் விலைக்கும் சம்பந்தமே இருக்காது. 1478-லிருந்து லண்டன் தட்டார்கள் தங்கள் பொருளைத் தட்டார் சங்கத்தின் மண்டபமான கோல்டுஸ்மித்ஸ் ஹாலுக்குக் கொண்டுபோய்ச் சோதித்து முத்திரை வாங்க வேண்டியிருந்தது. நம் நகைக்கடைகளில் தினமும் சொல்கிற ‘ஹால்மார்க்’ அந்த ஹாலிலிருந்து வந்த சொல்தான்.

முத்திரை படிக்கத் தெரியாத காலத்தில் நானே ஏமாந்திருக்கிறேன். ‘வெள்ளித் தட்டு’ என்று ஒருவர் விற்றதை வாங்கி வந்து துலக்கினால் விளிம்பில் செம்பு எட்டிப் பார்த்தது. அது ஷெஃபீல்டு பிளேட், 1740-களில் தாமஸ் போல்சோவர் கண்டுபிடித்த முறையில் செம்பின் மேல் வெள்ளித் தகட்டைச் சூட்டில் ஒட்டவைத்தது. அதுவும் நல்ல வேலைதான், ஆனால் நான் கொடுத்தது கெட்டி வெள்ளியின் விலை. ‘இ.பி.என்.எஸ்.’ என்று அடித்திருந்தால் அது முலாம், அடியில் இருக்கிற ‘நிக்கல் சில்வர்’ என்பதில் வெள்ளியே கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான்.

விலை ஏறும்போதெல்லாம் இந்தப் பொருள்கள் உலைக்குப் போகின்றன. 1643-ல் முதலாம் சார்லஸ் மன்னர் போர்ச் செலவுக்காக ஆக்ஸ்ஃபோர்டு கல்லூரிகளின் வெள்ளியை வாங்கி நாணயமாக அடித்தார். 1980 ஜனவரியில் அமெரிக்கக் கோடீஸ்வரர்களான ஹன்ட் சகோதரர்கள் வாங்கிக் குவித்ததில் வெள்ளி அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியது, அப்போது தேநீர்க் குடுவையும் தட்டும் கரண்டியுமாக எவ்வளவோ உருகிப்போனது. நான் பார்த்த அந்த ஜோடிக்கும் அதே கதி வந்திருக்கும். கடைசிவரை கேட்டவர் உருக்குவதற்காக வாங்குபவர், எடைக்குத் தேறும் தொகையைத் தாண்டியதும் நிறுத்திக்கொண்டார். அதற்கு மேல் கை தூக்கியது முன்வரிசையில் இருந்த ஒரே ஒரு பாட்டி.

உங்கள் செய்தியைப் படித்துவிட்டு, வீட்டில் இப்படி ஏதாவது கிடந்தால் தராசைத் தேடுகிறவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். அடுத்த முறை ஏலச் செய்தி போடும்போது தட்டின் முன்பக்கப் படத்தோடு, அந்த முத்திரை வரிசையையும் கிட்டத்தில் எடுத்து ஒரு படமாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஈஸ்ட் ஹாம், லண்டன்