பாராவில் நிற்பவருக்கு யார் பாடம் எடுப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

குழந்தைகள் பாதுகாப்புக்கான சர்வதேச நெறிமுறைகளைக் காவல்துறையினருக்குச் சொல்லிக்கொடுப்பதாக அவ்வப்போது செய்தி வருகிறது. நல்லதுதான். ஆனால் கூடவே வரும் படத்தைப் பாருங்கள், முன்வரிசை முழுக்க அதிகாரிகள். எங்கள் பென்னாகரம் பக்கம் ஒரு பிள்ளை பயந்துபோய் ஸ்டேஷன் வாசலில் நின்றால் அதன் கண்ணில் முதலில் படுவது பாரா, அதாவது வாசலில் காவல், நிற்கும் காவலர், அப்புறம் புகாரை எழுதிக்கொள்ளும் ரைட்டர்.

போன வருஷம் எங்களுக்குத் தெரிந்த ஒரு பெண், பத்தாவது முடித்த கையோடு வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்ததும், எனக்கு வேண்டாம் என்று சொல்லத் தனியாகவே ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறாள். "அப்பாவைக் கூட்டிக்கிட்டு வாம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். யாருக்குப் பயந்து ஓடினாளோ அவரையே கூட்டிக்கொண்டு வர வேண்டுமாம்! சொன்னவர் கெட்டவரும் இல்லை, உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாராம். அவள் எங்கள் வீட்டுக்கு வந்து அழுது, நாங்கள் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் போட்ட பிறகுதான் கல்யாணம் நின்றது.

தன்னைப் பற்றிய விஷயத்தில் பிள்ளை சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்பது 1989இல் வந்த ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு. இந்தியா அதை 1992இலேயே ஏற்றுக்கொண்டது. சரி, அது வெளிநாட்டுச் சமாச்சாரம் என்றே வைத்துக்கொள்வோம். நம் 2015ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டம் என்ன சொல்கிறது? வயது வருமுன் கல்யாணம் செய்துவைக்கப்படும் நிலையில் இருப்பவள் பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை, 24 மணி நேரத்துக்குள் அவளைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும் என்கிறது. இதற்கென்றே ஸ்டேஷனுக்கு ஒரு குழந்தைகள் நலக் காவல் அலுவலரும் உண்டு. அவர் பந்தோபஸ்துக்குப் போயிருக்கும் நாளில் பிள்ளை வந்தால்தான் சிக்கல்.

பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில் வரும் வழக்கென்றால் சீருடையில் போய் வாக்குமூலம் வாங்கக் கூடாது, பிள்ளைக்குப் புரியாத மொழியென்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் எத்தனை பேர்! இதெல்லாம் அங்கே பாரா நிற்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டாமா?

அதனால் வகுப்பை மாவட்டத் தலைநகர் மண்டபத்தில் வைக்காமல், ஸ்டேஷனுக்கே வந்து, பாரா மாற்றும் நேரத்தில் அரை மணி பேசினாலும் போதும். சட்டப் பிரிவு எண்கள்கூட வேண்டாம். தனியாக வந்த பிள்ளையிடம் முதலில் என்ன கேட்கலாம், என்ன கேட்கவே கூடாது, உடனே யாருக்குப் போன் செய்ய வேண்டும், இந்த மூன்றையும் சொல்லிக்கொடுத்தால் சரி.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்