மரபணு அறிக்கையை மட்டும் நம்பிக் கருவை வைக்கும் நாளை மாற்றாதீர்கள்

கருத்தரிப்பு சிகிச்சை மையங்களின் மருத்துவர்களுக்கு,

வணக்கம். கருப்பையின் உட்படலத்தில் சிறு துணுக்கை எடுத்து, 200-க்கும் மேற்பட்ட மரபணுக்களின் வெளிப்பாட்டை (அவை எவ்வளவு செயல்படுகின்றன என்பதை) அளந்து, கரு ஏற்கும் நேரம் தள்ளிப்போயிருக்கிறதா என்று சொல்லும் பரிசோதனையை எல்லாருக்கும் எழுதிக்கொடுப்பதை நிறுத்துங்கள்.

அடிப்படை அறிவியலில் எங்களுக்கு ஐயமில்லை. கருமுட்டை வெளியேறத் தூண்டும் எல்.எச். ஹார்மோன் உச்சத்துக்குப் பின் ஏறக்குறைய 7-ஆம் நாள் முதல் 9-ஆம் நாள் வரைதான் உட்படலம் கருவை ஏற்கிறது. உட்படலத்தைக் கருவுக்குத் தயாராக்கும் புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன் ஏறியதும் மேற்புற செல்களில் அதன் ஏற்பிகள் குறைகின்றன. கரு பதியத் தேவையான லிஃப் போன்ற மரபணுக்கள் சுறுசுறுப்பாகின்றன. லிஃப் இல்லாத பெண் எலிகளில் கரு உருவாகிறது, பதிவதில்லை. அதே கருவைச் சாதாரண எலிக்கு மாற்றினால் பதிகிறது. 1992-லேயே தெரிந்த செய்தி இது.

கோளாறு, இந்த உண்மையிலிருந்து அறிக்கைக்குப் போகும் வழியில் இருக்கிறது. துணுக்கில் சுரப்பி செல், இணைப்புத்திசு செல், நோயெதிர்ப்பு செல் எல்லாம் கலந்திருக்கின்றன. அவற்றின் விகிதம் மாறினாலே அளவும் மாறும், ஒரு மரபணுவும் தாமதமாகாமலேயே. துணுக்கு எடுப்பது ஒரு மாதவிடாய்ச் சுழற்சியில், கருவை வைப்பது வேறொன்றில். அறிக்கையோ 12 மணி, 24 மணி என்று நேரத்தை நகர்த்தச் சொல்கிறது. முதல் புரோஜெஸ்ட்ரோன் மாத்திரையை "மாலை" என்று மட்டும் குறித்துவைத்தால், அதிலிருந்து எண்ணும் 120 மணி நேரக் கணக்கில் அந்தப் பிழையே சில மணி நேரத்தைத் தின்றுவிடும்.

2022-இல் வெளியான, குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்த ஒப்பீட்டு ஆய்வில், குரோமோசோம் சரியாக உள்ள ஒற்றைக் கருவை உறைநிலையிலிருந்து எடுத்து வைத்தார்கள். பரிசோதனைப்படி நேரம் மாற்றியவர்களில் குழந்தை பிறந்தது 58.5 சதவீதம்; வழக்கமான நேரத்தில் வைத்தவர்களில் 61.9. கூடுதல் பலன் தெரியவில்லை. 2023-இல் ஐரோப்பிய மனித இனப்பெருக்கச் சங்கமும் இதைப் பரிந்துரைக்கவில்லை.

முதலில் வேறு இடங்களில் தேடுங்கள். கருக்குழாயில் நீர் தேங்கியிருந்தால் அது, கருவை ஏற்க உட்படலத்துக்குத் தேவையான ஹாக்ஸ்ஏ10 மரபணுவின் வெளிப்பாட்டையே குறைக்கிறது. கருவை வைக்கும் முன் குழாயை அகற்றுவதோ அடைப்பதோ பலன் தரும். நாள்பட்ட உட்படல அழற்சியா என்று சிடி138 சாயத்தில் பிளாஸ்மா செல்களை (அழற்சியைக் காட்டும் நோயெதிர்ப்பு செல்களை) பாருங்கள். யோனிவழி புரோஜெஸ்ட்ரோன் எடுப்பவரின் ரத்த அளவையும் கருவை வைக்கும் நாளுக்குச் சற்று முன் சோதியுங்கள்.

இவையெல்லாம் பார்த்த பின்னும் ஒருவர் பரிசோதனையைக் கேட்டால் செய்யுங்கள். ஆனால் ஒப்புதல் படிவத்தில் மேலே சொன்ன 58.5, 61.9 என்ற இரண்டு எண்களையும், அதற்காக ஒரு சுழற்சி வீணாகும் என்பதையும், அவர் மொழியிலேயே அச்சிட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கருப்பை உயிரியல் ஆய்வாளர்கள்