எங்கள் ஊர் நர்ஸக்காவுக்கும் கூட நின்றவர்களுக்கும் நன்றி

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களுக்கு மாறுதல் வந்துவிட்டது என்று போன வாரம்தான் தெரிந்தது. கிராம சுகாதாரச் செவிலியராக நீங்கள் எங்களுக்குச் செய்ததையெல்லாம் எழுத ஒரு நோட்டு பத்தாது. 2021ஆம் வருஷம் கொரோனா தடுப்பூசி போட்ட நாட்களை மட்டும் எழுதுகிறேன். அந்த நன்றி இன்னும் பாக்கி இருக்கிறது.

அந்த ஏப்ரல் 17 அன்று நடிகர் விவேக் இறந்தார். இரண்டு நாள் முன்புதான் எல்லோரும் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி, தானும் போட்டுக்கொண்டிருந்தார். மாரடைப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் சொன்னதை ஊர் காதில் வாங்கவில்லை. அங்கன்வாடியில் நடந்த முகாம் வெறிச்சோடிப் போனது.

இளைஞர்கள் நாங்கள் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். "ஊசி போடலேன்னா ரேஷன் கிடையாது" என்று நானாகவே சொன்னேன். அப்படி எந்த உத்தரவும் இல்லை. பயமுறுத்தினால் வந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். மறுநாள் நீங்கள் ஐஸ் பெட்டியோடு வந்தபோது மூன்று தெருவில் கதவு சாத்தியிருந்தது. விஷயம் தெரிந்தும் நீங்கள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "தம்பி, நாளைக்கு மைக் வேணாம். என்கூட நடந்து வாங்க" என்றீர்கள்.

கீழத்தெரு அப்பத்தா வீட்டுத் திண்ணை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஊசிப் பேச்சையே நீங்கள் எடுக்கவில்லை. அவருடைய சர்க்கரை மாத்திரை அட்டையை வாங்கி, எத்தனை மிச்சம் என்று எண்ணிக்கொண்டிருந்தீர்கள். அவர்தான் ஆரம்பித்தார்: "அம்புட்டுப் பெரிய நடிகரே போயிட்டாரு, நான் எம்மாத்திரம்?" செய்தியைக் காட்டி வாதாட நான் போனை எடுத்தேன். நீங்கள் என் மணிக்கட்டை லேசாகத் தொட்டீர்கள்.

"பயமாத்தான் இருக்கும் அப்பத்தா. எனக்கும் இருந்துச்சு. போட்ட அன்னைக்கு ராத்திரி காய்ச்சல், கையத் தூக்க முடியல. ரெண்டு நாள்ல சரியாயிருச்சு."

போச்சு, இனி யாரும் வரமாட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் அப்பத்தா முதன்முறையாக ஒரு கேள்வி கேட்டார்: "காய்ச்சல் வந்தா என்னைய யாரு பாப்பா?" "நான் வருவேன்" என்றீர்கள். சொன்னபடி பிறகு வந்தும் பார்த்தீர்கள்.

அந்தத் திண்ணைக்கு நான்கு தடவை போனோம். ஐந்தாவது தடவைக்கு வேலை வைக்காமல் அப்பத்தாவே முகாமுக்கு வந்தார், நூறு நாள் வேலைப் பெண்கள் எட்டுப் பேரையும் கூட்டிக்கொண்டு. ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து. திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். இருந்தது ஒன்பது பேர். அப்போதும் நீங்கள் யாரையும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு டீக்கடை அண்ணன் தானாக வந்து உட்கார்ந்தார்.

அந்த அண்ணனுக்கும் நன்றி. ஊசி போட்டவர்கள் அரை மணி நேரம் உட்கார பெஞ்சும் டீயும் அவர் கொடுத்ததுதான். வீடு வீடாகப் பெயர் எழுதித் தந்த அங்கன்வாடி டீச்சருக்கும், வேலை நடக்கும் இடத்திலேயே உங்களைப் பேச விட்ட பணித்தளப் பொறுப்பாளர் அக்காவுக்கும் நன்றி. செப்டம்பர் 12 மெகா முகாமில் மாநிலம் முழுக்க ஒரே நாளில் 28 லட்சம் பேருக்கு மேல் போட்டார்கள். அன்று காலையில் நம் அங்கன்வாடி வாசலில் நின்ற வரிசைக்கு மைக் தேவைப்படவே இல்லை.

நேற்று அப்பத்தா வீட்டுக்குப் போனேன். மாத்திரை அட்டையை எண்ணினேன், பதினொன்று மிச்சம் இருக்கிறது. உங்களிடம் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
ஆட்டோவில் மைக் பிடித்த தம்பி