ஹெபடைடிஸ் பி நோயாளிகளுக்குக் கல்லீரல் மாற்றுச் சிகிச்சை: கோரிக்கை மனு

அனுப்புநர்:
நோயாளியின் மூத்த சகோதரி,
கோவில்பட்டி வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: ஹெபடைடிஸ் பி நோயாளிகளின் குடும்பத்தாரைப் பரிசோதித்தல், கல்லீரல் மாற்றுச் சிகிச்சைக்கு உரிய நேரத்தில் பரிந்துரைத்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். என் தம்பிக்கு வயது 41. தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கல்லீரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்து, இப்போது எழுந்து நடக்கவே சிரமப்படுகிறார். அவர் ஒரு நாளும் குடித்ததில்லை. இதைச் சொல்லக் காரணம், எந்த மருத்துவமனைக்குப் போனாலும் எங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி அதுதான்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு மஞ்சள் காமாலை வந்தபோது கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். கண்ணின் மஞ்சள் இறங்கியது, நோய் போய்விட்டது என்றே நம்பினோம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி ரத்தத்தில் இருப்பது, கால் வீங்கிய பிறகுதான் தெரிந்தது. ஒரு மருத்துவமனையில் எட்டு மாதங்களில் மூன்று முறை வயிற்று நீரை எடுத்து அனுப்பினார்கள். கல்லீரல் மாற்று என்று ஒரு வழி இருப்பதை அங்கே ஒருவரும் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த நோயாளியின் மகன் சொல்லித்தான் சென்னைக்குப் போனோம்.

என் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுக்கிறேன் என்றேன். பரிசோதித்தபோது எனக்கும் அதே கிருமி இருந்தது. அம்மாவுக்கும் இருந்தது. பிரசவத்தின்போது அம்மாவிடமிருந்து எங்கள் இருவருக்கும் வந்திருக்கும் என்றார் மருத்துவர். நாங்கள் பிறந்த காலத்தில் அதற்கான தடுப்பூசி இங்கே கிடையாது. தங்கைக்கு நோய் இல்லை; ஆனால் அவள் ரத்தம் பி வகை, தம்பிக்கு ஓ. அவர் மனைவிக்குச் சர்க்கரை நோய். மாற்று வேண்டும் என்ற நிலைக்கு ஒருவரைத் தள்ளிய கிருமியே கொடுக்கக்கூடிய உறவுகளையும் விலக்கிவிடுகிறது. எங்களைப் போன்றவர்களுக்கு மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பம் மனமுவந்து தரும் கல்லீரல் ஒன்றே வழி. தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் பட்டியலில் பதிவு செய்திருக்கிறோம். ஆனால் காத்திருக்கும் தெம்பு இருந்தபோதே பதிந்திருக்க வேண்டும்.

2009-லேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் இதற்கு உதவுகிறது. அரசின் மேல் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. இருக்கும் வசதி எங்கள் ஊர் நோயாளியின் காதுக்கு எட்டவில்லை என்பதே என் ஆதங்கம்.

ஆகவே, வயிற்றில் முதன்முறை நீர் கோத்தவுடனேயே நோயாளியை மாற்றுச் சிகிச்சைக் குழுவுக்குப் பரிந்துரைக்கும்படி எல்லா மாவட்ட அரசு மருத்துவமனைகளுக்கும் எழுத்து மூலமாக ஆணையிட வேண்டுகிறேன். தென்மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் மாதம் ஒரு நாளாவது அந்தக் குழு வந்து நோயாளிகளைப் பார்த்தால் பேருதவி. உட்காரவே முடியாதவரை இரவு முழுக்க பஸ்ஸில் அழைத்துப்போவது என்னவென்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

ஒருவருக்குக் கிருமி இருப்பது தெரிந்தால், அவர் வீட்டார் அனைவரையும் அழைத்துப் பரிசோதித்து, இல்லாதவர்களுக்கு மூன்று தவணைத் தடுப்பூசியும் இருப்பவர்களுக்குத் தொடர் கண்காணிப்பும் தர வேண்டும். தம்பியின் இரு பிள்ளைகளுக்கும் நோய் இல்லை. அதை நாங்களாகப் பணம் கட்டித்தான் தெரிந்துகொண்டோம்.

அறுவை சிகிச்சையோடு செலவு முடிந்துவிடுவதில்லை. ரத்தத்தில் எஞ்சியுள்ள கிருமி புதிய கல்லீரலையும் தாக்கும் என்பதால் டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர் மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும். சிலருக்கு, கிருமியைத் தடுக்கும் எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவைப்படும். அதன் விலை எங்கள் கைக்கு எட்டாதது. 2018-இல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் மாத்திரைகள் இலவசம். அந்த ஊசியையும், கிருமியின் அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனையையும் மாற்று செய்துகொண்டவர்களுக்கு மாவட்டத்திலேயே இலவசமாக வழங்க ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

தம்பியின் உடல்நிலை வாரத்துக்கு வாரம் மோசமாகிறது. இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்கப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
(ஒப்பம்)
மனுதாரர்

இணைப்பு: மருத்துவ அறிக்கைகளின் நகல்கள், காப்பீட்டு அட்டை நகல், குடும்ப அட்டை நகல்.