வாசலில் நின்ற முறுக்கும் உள்ளே விற்ற பஃப்ஸும்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், மேற்கு மாம்பலம், சென்னை - 33
பெறுநர்: பொது மேலாளர், திரையரங்க நிர்வாகம், சென்னை

பொருள்: இரண்டாம் மாடித் தின்பண்டக் கடையின் சுகாதாரக் கேடு

ஐயா,

வணக்கம். கடந்த ஞாயிறு மாலைக் காட்சிக்கு அம்மாவையும் ஏழு வயது மகளையும் அழைத்து வந்தேன். பையைச் சோதித்த காவலாளி, அம்மா வீட்டில் சுட்ட முறுக்கு இருந்த டப்பாவை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார். அதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. வெளி உணவைத் தடுக்கத் திரையரங்குக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. (குடிநீரை இலவசமாகத் தரவேண்டும் என்றும் சொன்னது. உங்கள் குழாயில் காற்றுதான் வந்தது.) ஆனால் எங்கள் முறுக்கை நிறுத்திய பிறகு, உள்ளே நாங்கள் தின்பதற்கெல்லாம் நீங்கள்தானே பொறுப்பு?

இடைவேளையில் கடையில் நின்ற தம்பி ஒரு கையில் மட்டும் உறை போட்டிருந்தார். அந்தக் கையால் பாப்கார்ன் அள்ளினார், ரூபாய் நோட்டை வாங்கினார், கல்லாவில் சில்லறை துழாவினார், நெற்றி வியர்வையைத் துடைத்தார், மறுபடி பாப்கார்னுக்கே போனார். உறையால் அவர் கை அழுக்காகாமல் தப்பியது, அவ்வளவுதான். இடுக்கி தரையில் விழுந்தது. எடுத்துக் கால்சட்டையில் ஒரு தேய்ப்பு. அதே இடுக்கியால் எங்களுக்குப் பனீர் பஃப்ஸ்.

சூடாகப் பரிமாற வேண்டிய உணவு 60 டிகிரிக்குக் குறையக்கூடாது என்பது விதி. உங்கள் கண்ணாடிப் பெட்டியில் பல்பு எரிந்தது, பஃப்ஸ் சில்லிட்டிருந்தது. நான் பிட்டபோது மசாலா நூல் விட்டது. அதற்குள் மகள் பாதியைத் தின்றுவிட்டாள். இரவு இரண்டு முறை வாந்தி. பஃப்ஸ்தான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், நூல் விட்டதைக் கண்ணால் பார்த்தேன்.

தொப்பி எங்கே என்று கேட்டதற்கு, "ஆபீசர் வருகிற அன்றைக்குப் போட்டுக்கொள்வோம் சார்" என்றார் தம்பி. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. இடைவேளைக் கூட்டம் முழுவதற்கும் அவர் ஒருவரைத்தான் நிறுத்தியிருக்கிறீர்கள். பார்வையில் படும்படி மாட்ட வேண்டிய 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், குளிர்பான விளம்பரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

சுகாதாரமற்ற முறையில் உணவு தயாரித்தால் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவின்படி ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கடைசியாக நடந்த ஆய்வின் அறிக்கையையும், கடை ஊழியர்களின் இந்த ஆண்டு மருத்துவச் சான்றையும் 15 நாளுக்குள் எனக்குக் காட்டுங்கள். பணம் வாங்க ஒருவர், பண்டம் எடுக்க ஒருவர் என்று ஆள் போடுங்கள். பதில் வராவிட்டால் இக்கடிதமும் நான் எடுத்த படங்களும் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்குப் போகும்.

இன்னொன்று. படம் முடிந்து கேட்டபோது எங்கள் டப்பாவைக் காணவில்லை. எவர்சில்வர் டப்பா, மூடியில் அம்மாவின் பெயர் வெட்டியிருக்கும். முறுக்கு போனால் போகட்டும், டப்பாவைத் தேடிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்