கஷெச்சவான் மக்கள் எப்போது மேட்டுநிலத்துக்குப் போவார்கள்? அமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு கனடியப் பழங்குடியினர் சேவைகள் அமைச்சர் அவர்களுக்கும், ஒன்ராறியோ மாகாணத்தின் பழங்குடியினர் விவகார அமைச்சர் அவர்களுக்கும்,

வணக்கம்.

ஆல்பனி ஆற்றில் பனிக்கட்டி உடையும் காலம் நெருங்கினால், வெள்ளத்துக்குப் பயந்து, கஷெச்சவான் என்ற கிரீ பழங்குடியினரின் கிராமத்துச் சனத்தை விமானத்தில் ஏற்றித் தெற்கே அனுப்புவது உங்கள் இரண்டு அரசுகளுக்கும் பழகிப்போன வேலை. அப்படி வருகிறவர்களில் ஒரு பகுதியினர் தங்கவைக்கப்படும் வடக்கு ஒன்ராறியோ ஊரொன்றில், ஒரு ஹொட்டலின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். அந்தக் கிராமத்தின் வரலாற்றை உங்களுக்குப் படிப்பிக்க நான் வரவில்லை. கோப்புகள் எல்லாம் உங்களிடம்தான் இருக்கின்றன. எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். சைட் 5 என்று நீங்களும் அவர்களும் பேசி முடிவெடுத்த மேட்டுநிலத்தில் அந்த மக்கள் எந்தத் திகதியில் குடியேறுவார்கள்?

எங்கள் ஹொட்டலில் அறைக்குச் சாவி கிடையாது, அட்டைதான். எந்த நாள்வரை என்று அட்டையில் பதிகிறோமோ அந்த நாள் காலை பதினொரு மணிக்கு அது செத்துவிடும். வேலைக்காகவோ சுற்றிப் பார்க்கவோ வருகிறவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை. வெள்ளத்துக்குப் பயந்து கூட்டிவரப்பட்டவர்களின் அறைக்காசை அவர்கள் கட்டுவதில்லை. அதற்கான அனுமதி வேறிடத்திலிருந்து வரவேண்டும், அதுவும் துண்டு துண்டாகத்தான் வரும். வெள்ளிவரை என்று ஒரு மின்னஞ்சல், பிறகு செவ்வாய்வரை என்று இன்னொன்று. இரண்டாவது மின்னஞ்சல் பிந்தினால் மாடி முழுக்க அட்டைகள் வேலை செய்யாது. எல்லாக் கதவிலும் சிவப்பு விளக்கு.

அப்படி ஒரு காலை, மூன்று பேரப்பிள்ளைகளோடு தங்கியிருந்த ஒரு அம்மம்மா கீழே வந்தார். சத்தம் போடவில்லை. நாலு அட்டைகளை மேசையில் வரிசையாக வைத்தார். எது யாருடையது என்று குழம்பாமலிருக்க ஒவ்வொன்றிலும் பேனாவால் ஒரு எழுத்து. “இந்த முறை எத்தனை நாள்?” என்று கேட்டார். நான் வெள்ளி என்றேன். சிரித்தார். என்னை நோகவைக்கக் கூடாதென்ற சிரிப்பு அது. பின்னால் நின்ற பேரன் கையில் மைக்ரோவேவில் சூடாக்கிய சூப் ஆறிக்கொண்டிருந்தது. அந்த அறையில் கட்டில் இரண்டு, அடுப்பு இல்லை. வெளியே வாகனத் தரிப்பிடம், அதைத் தாண்டினால் நெடுஞ்சாலை. அந்தப் பையனின் தாய் 2005இல் இதே மாதிரி வேறோர் ஊரின் ஹொட்டலில் தங்கவைக்கப்பட்ட பள்ளிச் சிறுமி என்று பிறகு அவர்கள் பேச்சிலிருந்து அறிந்தேன். தாய்க்கும் அட்டை, மகனுக்கும் அட்டை.

அமைச்சர் அவர்களே, அட்டையை நான் புதுப்பித்துக் கொடுத்துவிடுவேன். அது என் வேலை. கஷெச்சவானின் விடயத்தில் ஒட்டாவாவிலுள்ள மத்திய அரசும் ரொறன்ரோவிலுள்ள மாகாண அரசும் இருபது வருடத்துக்கு மேலாகச் செய்வதும் இதே வேலைதான். துண்டு துண்டாக நீட்டித்துக் கொடுக்கிறீர்கள்.

2005 அக்டோபரில் குடிநீரில் ஈ-கோலை கிருமி இருப்பது தெரிந்து ஆயிரம் பேருக்கு மேல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார்கள். கழிவுநீர்க் குட்டை மேலே, குடிநீர் எடுக்கும் குழாய் அதற்குக் கீழே. ஆற்றோட்டம் எந்தப் பக்கம் என்று ஊரில் ஒரு சிறுபிள்ளையிடம் கேட்டிருந்தாலே சொல்லியிருக்கும். அன்றைய அரசு உயரமான இடத்துக்கு மாற்றுவோம் என்றது. அடுத்த வருடம் ஆட்சி மாறியது. ரிம்மின்ஸ் நகருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வையுங்கள் என்று ஒரு அறிக்கை வந்தது. தங்கள் ஆற்றை விட்டுப் போக அவர்கள் விரும்பவில்லை. விரும்பவேண்டிய அவசியமும் இல்லை. 2007இல், இருந்த இடத்தையே திருத்தித் தருகிறோம் என்றார்கள். 2017இல் மீண்டும் ஒரு ஒப்பந்தம். 2019 வசந்தத்தில் கஷெச்சவான் மக்கள் ஒட்டாவாவில் பாராளுமன்றத்தின் முன்னால் வந்து நின்ற பிறகு, அந்த மே மாதம் உங்கள் இரண்டு அரசுகளும் அவர்களுமாக மூன்று தரப்பும் இன்னொன்றில் கையெழுத்திட்டன. எட்டு வருட அளவில் முடியும் என்று அப்போது பேசப்பட்டது. நல்ல பேனாக்கள், நல்ல படங்கள். குறையொன்றும் சொல்வதற்கில்லை.

ஏன் வருடாவருடம் இந்தக் கூத்து என்று கேட்கிற நம்மவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆல்பனி ஆறு தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஓடி ஜேம்ஸ் விரிகுடாவில் விழுகிறது. மேல்பகுதியில் வெயில் முதலில் ஏறும். பனி அங்கே உருகி, உடைந்த கட்டிகளோடு தண்ணீர் கீழே வரும்போது கழிமுகத்தில் ஆறு இன்னும் இறுகி உறைந்தபடி கிடக்கும். வாசல் பூட்டிய மண்டபத்துக்குள் பின்னாலிருந்து சனம் தள்ளுவது மாதிரி. கட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடைத்துக்கொள்ள, ஓட வழியில்லாத தண்ணீர் கரைமேல் ஏறும். கஷெச்சவான் இருப்பது அந்தக் கழிமுகத்துக்குக் கிட்ட, தாழ்ந்த வெள்ளச் சமவெளியில். ஊரைச் சுற்றி 1990களில் ஒரு மண்ணணை போட்டார்கள். அந்த அணையை நம்ப முடியாது என்பதால்தானே நீங்களே ஆட்களை விமானத்தில் ஏற்றுகிறீர்கள்?

எங்கட சனத்துக்கு, கையில் பையோடு தாழ்வாரத்தில் நிற்கிற குடும்பத்தைப் பார்த்தால் விளக்கம் தேவையில்லை. ஒரு வித்தியாசம் உண்டு. ஊரில் போர் நடந்தபோது செல் குண்டு எப்போது விழும் என்று எங்களுக்குத் தெரியாது. இவர்களுக்கு மாதமே தெரியும். ஓடவேண்டிய மாதம் நாட்காட்டியில் இருக்கிறது. வீட்டுக்குள் போகவேண்டிய திகதிதான் இல்லை.

இந்த மாதம் அவர்களுக்கு என்ன மாதம் என்பதையும் சொல்லவேண்டும். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் காட்டு வாத்துகள் வடக்கே திரும்பிவரும். கிரீ மக்களுக்கு அதுதான் வேட்டைக் காலம். தாத்தா பேரனைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போய், எங்கே பதுங்குவது, எப்படிக் கூப்பிட்டால் வாத்து இறங்கும், உரித்து எப்படிப் பதப்படுத்துவது என்றெல்லாம் சொல்லிக்கொடுக்கும் நாட்கள். பள்ளிக்கூடங்களே அதற்காக விடுமுறை விடும். அந்த வாரங்களில் அந்தப் பேரன் எங்கள் ஹொட்டல் அறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கிறான். பள்ளியும் போச்சு, காடும் போச்சு. கடையில் ஒவ்வொரு சாமானும் விமானத்திலோ, குளிர்காலத்தில் பனிமேல் போடும் பாதையிலோ, கோடையில் தெப்பக் கப்பலிலோ வரவேண்டிய ஊரில், வேட்டையில் தவறவிட்ட இறைச்சி என்ன விலைக்கு ஈடாகும் என்பதை உங்கள் அதிகாரிகளே கணக்குப் பார்க்கட்டும்.

2020இல் பெருந்தொற்று வந்து நகரங்கள் கதவை மூடியபோது, பல குடும்பங்கள் ஹொட்டலுக்குப் பதிலாக உயரமான நிலத்தில் கூடாரம் போட்டு அந்தக் காலத்தைக் கழித்தன. அதற்குப் பிறகும் அந்த வழக்கம் தொடர்கிறது. தண்ணீர் ஏறாத நிலம் எது என்று அவர்களுக்கு எப்போதும் தெரியும். ஆனால் நோயாளியும் கர்ப்பிணியும் தள்ளாத முதியவரும் உறைபனிச் சேற்றில் வாரக்கணக்காகக் கூடாரத்தில் இருக்க முடியாது. அவர்கள் எங்கள் மேசைக்குத்தான் வருவார்கள். அவர்களுக்கு வேண்டியது மேட்டில் ஒரு வீடு. அதற்குத்தான் திகதி கேட்கிறேன்.

முடியாது என்று சொல்லிவிடாதீர்கள். இதே மாகாணத்தின் வடக்கே, ஹட்சன் விரிகுடாவுக்குக் கிட்ட இருந்த வினிஸ்க் என்ற கிராமத்தை 1986 மே 16ஆம் திகதி இதே மாதிரியான பனிக்கட்டி வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. இரண்டு பேர் செத்தார்கள். அதன்பின் ஊர் ஆற்றின் மேலே சுமார் முப்பது கிலோமீற்றர் தள்ளி, பீவானக் என்ற மேட்டுநிலத்தில் எழுந்தது. அதே வருடம் ஆகஸ்டில்தான் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் மீட்டார்கள். இந்த நாடு அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. ஆகவே கனடாவுக்கு அவசரம் என்றால் என்னவென்று தெரியாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கஷெச்சவானுக்கு அந்த அவசரம் வர இரண்டு சவப்பெட்டிகள் தேவையா என்பதைக் கொஞ்சம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அவர்களும் அதற்கேற்றபடி இருந்துகொள்வார்கள்.

மன்னிக்கவும், வார்த்தை கொஞ்சம் தடித்துவிட்டது. ஆனால் இன்னொன்றையும் சொல்லிவிட்டுத்தான் நிறுத்தவேண்டும். தை மாதம் வந்தால் உங்கள் கட்சிக்காரர்கள் எல்லோரும், எந்தக் கட்சியானாலும், வேட்டி கட்டிக்கொண்டு எங்கள் மண்டபங்களுக்கு வருகிறீர்கள். பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறீர்கள். விழா தொடங்குமுன், நாம் நிற்பது இந்த இந்தப் பழங்குடி மக்களின் நிலம் என்று ஒரு தாளை எடுத்து யாராவது வாசிக்கிறார்கள். நாங்களும் எழுந்து நின்று கேட்கிறோம். வாசித்து முடிந்ததும் பரதநாட்டியம். எங்கள் சங்கத் தலைவர்களையும் விட்டுவைக்க மாட்டேன். அந்தத் தாளை வாசிப்பதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் அவர்களும்தான். அடுத்த தையில் பானைக்குப் பக்கத்தில் நிற்கிற அமைச்சரிடம் இந்தக் கேள்வியையும் கேளுங்கள் ஐயா, பொங்கல் ஒன்றும் பொங்கி வழிந்துவிடாது.

நிலம் என்ற பேச்சு வந்ததால் மாகாண அமைச்சருக்கு ஒரு நினைவூட்டல். 1905 ஆகஸ்டில், அதே ஆற்றங்கரையிலுள்ள ஃபோர்ட் ஆல்பனிக்கு அரசின் ஆணையாளர்கள் படகில் வந்து, பழங்குடியினரின் நிலம் பற்றிய ஒன்பதாம் இலக்க உடன்படிக்கைக்குக் கையொப்பம் வாங்கினார்கள். இப்படி இலக்கமிட்டுப் பழங்குடியினரோடு கனடா செய்த உடன்படிக்கைகளில் மாகாண அரசும் தரப்பாக இருந்தது அது ஒன்றில்தான். ஆகவே இது ஒட்டாவாவின் வேலை என்று ரொறன்ரோவும், நிலம் மாகாணத்தினது என்று ஒட்டாவாவும் மாறிமாறிக் கைகாட்ட வழியில்லை. அந்த உடன்படிக்கைப்படி ஆளுக்கு வருடத்துக்கு 4 டொலர் கொடுப்பதாகச் சொன்னீர்கள். இன்றும் அதே 4 டொலரைத் தவறாமல் கொடுத்துவருகிறீர்கள். இந்த வாக்கில் மட்டும் உங்கள் ஒழுங்கை மெச்சத்தான் வேண்டும். எங்கள் ஹொட்டல் இயந்திரத்தில் அந்தக் காசுக்கு ஒரு சோடாவும் ஒரு சிப்ஸ் பொதியும் வாங்கலாம், இரண்டும் சின்னதாக இருந்தால்.

ஆகவே இரு அமைச்சர்களையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். சைட் 5இல் முதல் வீட்டுக்கு அத்திவாரம் போடும் திகதி, முதல் குடும்பம் குடியேறும் திகதி, கடைசிக் குடும்பம் கஷெச்சவானின் பழைய கரையை விட்டுக் கிளம்பும் திகதி, இந்த மூன்றையும், அதுவரையிலான முழுச்செலவுக்கும் பணம் ஒதுக்கப்பட்டுவிட்டது என்ற உறுதியையும், இரண்டு அரசுகளும் கையெழுத்திட்ட ஒரே கடிதத்தில் அந்த மக்களுக்கு அனுப்பிவையுங்கள். “இயன்றவரை விரைவாக”, “உரிய கலந்தாலோசனைக்குப் பின்” போன்ற சொற்கள் அதில் வேண்டாம். அவற்றை அவர்கள் ஏற்கனவே போதியளவு வைத்திருக்கிறார்கள்.

அதுவரைக்கும், வெளியேற்றப்பட்டு வருகிறவர்களின் அறைகளுக்கு ஒரே தடவையில் நாலு கிழமைக்கு அனுமதி கொடுக்கும்படி உங்களுக்குக் கீழே யாரிடமாவது சொல்லமுடியுமானால் பெரிய உதவியாக இருக்கும். முன்கூட்டிப் போய்விட்டால் மீதி நாட்களை நாங்கள் கழித்துக்கொள்வோம்.

எனக்குத் தமிழில் பதில் எழுதவேண்டியதில்லை. கஷெச்சவானுக்குப் போகிற கடிதம் கிரீ மொழியிலும் இருக்கட்டும்.

நன்றி.

இப்படிக்கு,
வடக்கு ஒன்ராறியோவிலிருந்து ஒரு ஹொட்டல் ஊழியர்